வாசகர் கேள்வி – பதில்: திரை காட்டிய தூரம்

கேள்வி: மகனைப் பார்க்கச் சாங்கியிலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கு நேரடி விமானத்தில் சென்றேன். இடைப்பட்ட தூரம் 15,300 கிலோமீட்டர் என்று படித்திருந்தேன். இருக்கைத் திரையோ 16,000த்தைத் தாண்டிக் காட்டியது. எது சரி?
– ஒரு வாசகி, தெம்பனிஸ், சிங்கப்பூர்

பதில்: இரண்டும் சரிதான். முதலாவது பூமியின் மேல் அளந்த மிகக் குறுகிய தூரம். இரண்டாவது உங்கள் விமானம் போன வழி.

முதற்கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 1.4 பாகையிலும், கென்னடி 40.6 பாகையிலும் உள்ளன. தீர்க்கரேகையில் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 178 பாகை, அதாவது உலகின் பாதிச் சுற்று இருப்பதால், குறுக்குவழி வடதுருவத்தை ஒட்டியே செல்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் ஏறி, மறுபக்க நிலநடுக்கோட்டில் இறங்க 180 பாகை. எனவே அதிலிருந்து 1.4, 40.6 இரண்டின் கூட்டான 42ஐக் கழித்தால் 138. பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் 15,318. பேரன் பேத்தியின் மேசையில் உலக உருண்டை இருந்தால், நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரில் கட்டைவிரலால் அழுத்தி, மறுமுனையை நியூயார்க்கில் வைத்து இழுத்துப் பாருங்கள். பசிபிக் மேல் தொய்ந்து கிடக்கும் நூல், இறுக இறுக வழுக்கி ஏறித் துருவத்தின் அருகே போய் நிற்கும்.

ஆனால் விமானி நூலைப் பார்ப்பதில்லை, காற்றைப் பார்க்கிறார். விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. காற்றில் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானத்தை 150 கிலோமீட்டர் வேகக் காற்று பின்னிருந்து தள்ளினால், அது தரையை 1,050 வேகத்தில் கடக்கும். எதிர்த்து வீசினால் 750தான். ஆகவே ஆயிரம் கிலோமீட்டர் கூடினாலும், பசிபிக்கைக் கிழக்கு நோக்கிக் கடப்பது பெரும்பாலும் எரிபொருளுக்கு லாபம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: திரும்பும் விமானம் பல நாட்களில் அட்லாண்டிக் வழியாக மறுபடியும் கிழக்கு நோக்கியே வருவதால், போய்வந்தவர் தம்மை அறியாமலே உலகைச் சுற்றிவிடுகிறார்.

கால அட்டவணையில் இப்பயணம் ஏறத்தாழ 18 மணி 40 நிமிடம். 15,300ஐ 900ஆல் வகுத்தால் 17 மணிதானே வருகிறது என்பீர்கள். அட்டவணை நேரம் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து மறுவாயிலில் நிற்பது வரையிலானது என்பதையும், ஓடுபாதை வரிசை, ஏற்றம், இறக்கம் ஆகியவற்றில் அந்த வேகம் இராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கெனவே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வாங்கிய ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூர வகை) விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். இருக்கைகள் 161 மட்டுமே, சாதாரண வகுப்பே கிடையாது.

கேள்வி: இரவு 11.30க்குப் புறப்பட்டு மறுநாள் காலை ஆறு மணிக்கே இறங்கினோமே, அது எப்படி?
– அதே வாசகி

பதில்: 11.30உடன் 18 மணி 40 நிமிடத்தைக் கூட்டினால் சிங்கப்பூரில் மறுநாள் மாலை 6.10. நியூயார்க் கோடையில் 12 மணி நேரமும் குளிர்காலத்தில் 13 மணி நேரமும் பின்தங்கியிருப்பதால், அங்கே அது காலை 6.10 அல்லது 5.10. திரும்பும்போது நிலைமை தலைகீழ்: திங்கள் இரவு பத்தரைக்கு ஏறினால் சாங்கியில் இறங்குவது புதன் விடியற்காலை. அழைத்துப்போக வருபவரிடம் புறப்படும் நாளைச் சொல்லாமல், இறங்கும் தேதியைச் சொல்லிவையுங்கள்.