தோட்டத்துப் பழைய படங்களையும் பேட்டிகளையும் தேட, சொற்களஞ்சியம் அமைப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களின் படங்களையும் பேட்டிகளையும் சேர்த்து வைத்திருப்பதாகவும், 'ரப்பர்' என்று தேடினால் பாதிதான் வருவதாகவும் எழுதி, வழி கேட்டிருந்தீர்கள். அதற்குத்தான் சொற்களஞ்சியம்: தேடலுக்குப் பயன்படும் சொற்களை ஒன்றோடொன்று இணைத்துக் காட்டும் பட்டியல்.

பேட்டியில் பாட்டி 'கித்தா மரம்' என்பார், இன்னொருவர் 'பால்மரம்' என்பார், படத்தின் பின்பக்கம் 'ரப்பர்' என்று எழுதியிருக்கும். மூன்றும் ஒரே மரம். 'ரப்பர் மரம்' என்பதை முதன்மைச் சொல்லாக்கி, மற்றவற்றில் 'ரப்பர் மரம் காண்க' என்று போடுங்கள். பாட்டியின் சொல்லை மட்டும் தூக்கி எறியாதீர்கள். பேரப்பிள்ளைகள் அதை வைத்தும் தேடுவார்கள்.

அப்புறம் படிநிலை, அதாவது பொதுச் சொல்லின் கீழ் அதன் வகைகளை அடுக்குவது. 'தோட்டப் பயிர்' என்பதன் கீழ் ரப்பர் மரமும் செம்பனையும் வரும். 'பால் வெட்டுதல்' வராது. அது வேலை, பயிர் வகை அல்ல. அதைத் தொடர்புடைய சொல்லாக இணைத்தால் போதும். இதற்கான விதிகள், சொற்களஞ்சியங்களுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 25964-இன் முதல் பகுதியில் (2011) உள்ளன.

'கங்காணி'தான் சிக்கலான சொல். ஊரிலிருந்து ஆள் திரட்டி வந்தவரும் கங்காணி, வேலைக்காட்டில் மேற்பார்த்தவரும் கங்காணி. எந்தப் பொருளில் எடுத்தீர்கள் என்று ஒரு வரி விளக்கம் கட்டாயம் எழுதுங்கள்.

பராமரிப்புக்கு, விடை கிடைக்காத தேடல்களை மாதம் ஒருமுறை பாருங்கள். சேர்க்க வேண்டிய சொற்கள் அங்கேதான் இருக்கும். ஒரு சொல்லை மாற்றினால் பழையதை அழிக்காமல், தேதி போட்டுப் புதியதற்குத் திருப்பிவிடுங்கள்.