அப்பாருவிடம் பேசாத மகள்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் தாராபுரம் வட்டத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் வசிக்கிறோம். என் கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தவர். மாமியார் காலமான பிறகு, 72 வயதில் மாமனார் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் 3 ஆண்டுகளுக்கு முன்பு ஊருக்கே திரும்பிவிட்டோம். நிலம் மொத்தம் 9 ஏக்கர். அதில் 4 ஏக்கர் கிளுவை வேலி போட்ட கொறங்காடு, அதாவது மேய்ச்சல் நிலம். மேச்சேரி ஆடுகள் 22, காங்கேயம் பசுக்கள் 2, கொஞ்சம் கோழிகள் இருக்கின்றன. திருப்பூரிலிருந்து எடை போட்டு வாங்கிவரும் பனியன் கட்பீஸைக் கிழித்து நான் மிதியடி பின்னிச் சந்தைக்கு அனுப்புகிறேன். மாமனார் மாலை நேரத்தில் சாளை என்று நாங்கள் சொல்லும் கொட்டகையின் திண்ணையில் உட்கார்ந்து கத்தாழை நாரில் கயிறு திரிப்பார்.

எங்கள் மகளுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு படிக்கிறாள். தாத்தாவை எங்கள் பக்கம் அப்பாரு என்போம். இங்கே வந்த நாள் முதல் அவள் அப்பாருவின் நிழலாகவே இருந்தாள். செந்நிறமாகப் பிறந்த காங்கேயம் கன்று மெல்ல மெல்லச் சாம்பல் நிறத்துக்கு மாறியதை நோட்டில் நாள் குறித்து எழுதிவைத்தவள். மூன்று புரிக் கயிறு திரிக்கவும் அவரிடமே கற்றுக்கொண்டாள்.

சென்ற கார்த்திகையில் ஓர் ஆடு இரட்டைக் குட்டி ஈன்றது. எங்கள் மந்தையில் அது அபூர்வம். தாய் ஒரு குட்டியைச் சேர்த்துக்கொண்டு மற்றதை முட்டித் தள்ளிவிட்டது. தள்ளப்பட்ட கிடாய்க் குட்டிக்கு மாமனார் தாய் மடியிலிருந்து சீம்பாலைக் கறந்து கொடுக்க, மகள் அதைப் பாலாடையில் எடுத்துப் புகட்டினாள். பிறகு பசும்பால், புட்டி, இரவில் இரண்டு முறை எழுந்திருப்பது என்று அவள் கையிலேயே அது வளர்ந்தது. நிறத்தைப் பார்த்துக் ‘கருப்பட்டி’ என்று பெயர் வைத்தாள். அப்பாருவும் பேத்தியும் சேர்ந்து அதற்கு ஒரு கழுத்துக் கயிறு திரித்தார்கள். முடிச்சு கழுத்தில் உறுத்தாமலிருக்க, என் கூடையிலிருந்து நீல நிறப் பனியன் நாடாவை எடுத்துச் சுற்றிக் கட்டினாள்.

ஆடி மாதம் காற்று மட்டுமே வீசியது, மழை இல்லை. கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல் தீய்ந்துவிட்டது. சோளத்தட்டு வாங்கிய கடனும் பள்ளி வேன் கட்டணமும் சேர்ந்து நெருக்க, வீட்டுக்கு வந்த ஆட்டு வியாபாரியிடம் மூன்று கிடாய்களைக் கொடுத்தோம். கருப்பட்டி அவற்றில் ஒன்று. அப்போது மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். மாலையில் வந்து கேட்டபோது, வேலிச் சந்தில் நுழைந்து ஓடிப்போய்விட்டது என்று சொன்னோம். இரண்டு நாள் மாலையிலும் வேலியோரமாகக் கூப்பிட்டுக்கொண்டே தேடினாள். இருட்டிய பிறகு என் கணவர் டார்ச் எடுத்துக்கொண்டு கூடப் போனார்.

நான்காம் நாள், கோழி முட்டையிட்டிருக்கிறதா என்று பார்க்கச் சாளைக்குள் போனவள், பருத்திக்கொட்டை மூட்டைக்குப் பின்னால் அந்த நீல நாடா கட்டிய கயிற்றைப் பார்த்துவிட்டாள். எங்கள் வீட்டில் ஆடு மாடு விற்றால் கயிற்றைக் கொடுக்கமாட்டோம். அவிழ்த்து வைத்துக்கொண்டு உருப்படியை மட்டும்தான் அனுப்புவோம். அதையும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்பாருதான்.

அன்றிலிருந்து 25 நாட்களாக அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறாள். பட்டிப் பக்கம் போவதில்லை, கறி வைத்தால் தொடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் வழக்கம்போலத்தான் இருக்கிறாள் என்கிறார் ஆசிரியை. மாமனார் வேறொரு குட்டியைத் தூக்கிவந்து கொடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு நாள் இரவு மட்டும் என்னிடம், “நான் தேடுனப்ப நீங்கெல்லாம் எங்கம்மா பாத்துட்டு இருந்தீங்க?” என்று கேட்டாள். தூங்கு சாமி என்று தட்டிக்கொடுத்துவிட்டேன். கருப்பட்டியை என்ன செய்திருப்பார்கள் என்றும் கேட்டாள். தெரியாது என்றேன்.

விவசாயம் பண்ணுகிற வீட்டுப் பிள்ளை, தானாகப் பழகிக்கொள்ளும் என்கிறார் என் கணவர். மாமனார் ஒன்றும் சொல்வதில்லை, கயிறு திரிப்பதையே நிறுத்திவிட்டார். உண்மையைச் சொன்னால், விற்ற அன்றே பாப்பாவிடம் சொல்லிவிடலாம் என்றுதான் அவர் சொன்னார். பரீட்சை நேரம், வேண்டாம் மாமா என்று தடுத்தது நான்தான். இவளை எப்படிச் சமாதானப்படுத்துவது? அதே நிறத்தில் ஒரு குட்டி வாங்கிக் கொடுக்கலாமா? அல்லது ஆடு வளர்ப்பதையே விட்டுவிட வேண்டுமா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி


ஆலோசகர் பதில்

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கேள்விகளைக் கடைசியில் வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் பதில் சொல்ல வேண்டிய கேள்வியை உங்கள் மகள்தான் கேட்டிருக்கிறாள். ‘நான் தேடியபோது நீங்களெல்லாம் எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?’ என்பது ஆட்டைப் பற்றிய கேள்வி அன்று. இல்லாத குட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு அவள் வேலியோரம் நடந்த இரண்டு மாலைப்பொழுதிலும், அது வராது என்று தெரிந்த மூன்று பெரியவர்கள் வீட்டில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் டார்ச் விளக்குடன் கூடவே நடந்தார். உங்கள் கணவர் அதைப் பரிவினால்தான் செய்திருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் கயிற்றைக் கண்ட நிமிடத்தில், அந்த டார்ச் வெளிச்சம் அவள் மனத்தில் என்னவாக மாறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆட்டை விற்றதற்காக உங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. நான் கரூர்ப் பக்கம் பிறந்தவன். என் கல்லூரிக் கட்டணத்தில் பாதி எங்கள் பட்டியிலிருந்துதான் வந்தது. மானாவாரிச் சீமையில் ஆடு என்பது நடமாடும் சேமிப்பு. புல் தீய்ந்த ஆண்டில் கிடாய்களைக் கழிப்பது மந்தையைக் காப்பாற்றும் வழி என்பதும் எனக்குத் தெரியும். அதை உங்கள் மகளும் புரிந்துகொள்ளக் கூடியவளே. கன்றின் நிறம் மாறுவதை நாள் குறித்துப் பார்த்த பிள்ளைக்கு வரவு செலவு புரியாதா?

இப்போது அவளிடம் இரண்டு துயரங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, கையால் பால் கொடுத்து வளர்த்த உயிரை இழந்த துயரம். அதற்கு அழுகை உண்டு, காலம் உண்டு, மெல்லத் தணியும். மற்றது, தான் நம்பியவர்கள் தன்னை ஏமாற்றினார்கள் என்ற துயரம். இதை நேராகப் பேசித் தீர்க்காத வரையில் முதலாவதும் ஆறாது. ஒன்பது வயதில் பெரும்பாலான பிள்ளைகள், இறந்தது திரும்பி வராது என்பதையும் உயிருள்ள எல்லாவற்றுக்கும் இறப்பு உண்டு என்பதையும் அறிந்திருப்பார்கள். ஆகவே ‘ஓடிப்போய்விட்டது’ என்ற சொல் அவளை எதிலிருந்தும் காக்கவில்லை. திரும்பி வந்துவிடும் என்ற நம்பிக்கையை மூன்று நாட்களுக்குக் கொடுத்து, பிறகு அதையும் பிடுங்கிக்கொண்டது.

இனி, உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியில் ‘உண்மையைச் சொன்னால்’ என்று தொடங்கி நீங்கள் ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துவிட்ட செய்திக்கு வருகிறேன். உங்கள் மாமனார் அன்றே சொல்லிவிடலாம் என்றார், நீங்கள் தடுத்தீர்கள். இது உங்கள் மகளுக்குத் தெரியாது. கயிறும் அவருடையது, கயிற்றை வைத்துக்கொள்ளும் வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தவரும் அவர், ஆகவே எல்லாவற்றையும் செய்தவர் அவரே என்று அவள் முடிவு கட்டியிருக்கிறாள். செய்யாத ஒன்றுக்காக ஒரு பெரியவர் 25 நாட்களாகப் பேத்தியின் முதுகைப் பார்த்துக்கொண்டு சோறு உண்கிறார். மருமகளைக் காட்டிக்கொடுக்கவும் அவருக்கு வாய் வரவில்லை. அவர் கயிறு திரிப்பதை நிறுத்தியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எனவே முதற்காரியம் உங்களுடையது. மகளைச் சமாதானப்படுத்துவது எப்படி என்று கேட்டீர்கள். சமாதானம் பிறகு ஆகட்டும், முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். படுக்கையில் வேண்டாம். அந்த நேரத்துப் பேச்சு தூக்கத்தில் போய் முட்டும். நீங்கள் துணி கிழிக்க உட்காரும்போது அவளையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு முனையை அவள் கையில் கொடுங்கள். எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிட, கைக்கு வேலை இருக்கும்போது பிள்ளைகளுக்குப் பேசவும் கேட்கவும் எளிதாக இருக்கும். பிறகு சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: “கருப்பட்டி ஓடிப்போகலை சாமி, நாங்க வித்துட்டோம். ஓடிப்போச்சுன்னு பொய் சொன்னது நான். அப்பாரு உங்கிட்ட சொல்லிரலாம்னுதான் சொன்னாரு, நான்தான் வேண்டாம்னேன். நீ தேடுனப்ப நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். அது தப்பு.” இதற்கு மேல் பரீட்சை, கடன், மழை என்று காரணம் அடுக்க வேண்டாம். காரணங்களை அவள் கேட்கும்போது சொன்னால் போதும். மன்னிப்போடு சேர்த்துச் சொன்னால் அவை சாக்காகத்தான் கேட்கும்.

அவள் கத்தலாம், துணியை வீசிவிட்டுப் போகலாம். போகட்டும், பின்னால் போக வேண்டாம். உங்கள் கணவரும் தன் பங்குக்கு டார்ச் எடுத்துப் போனதைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவருக்கு இது கடினமாக இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு வரி போதும்.

கருப்பட்டியை என்ன செய்திருப்பார்கள் என்ற கேள்வி மீண்டும் வரும். கறிக்காகத்தான் வாங்குவார்கள் என்று சொல்லி அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். கேட்காத விவரம் வேண்டாம், கேட்டதற்குப் பொய்யும் வேண்டாம். அவள் கறி தொடாததைச் சாப்பாட்டு நேரத்தில் பேச்சாக்காதீர்கள். ‘ஆட்டுக்காரன் வீட்டுப் பிள்ளை’ என்று விருந்தாளிகள் கேலி செய்தால் நீங்கள் குறுக்கே நில்லுங்கள். முட்டை, பயறு, பால் இருக்கும் வீட்டில் ஒரு பிள்ளை கறி தின்னாததால் எதுவும் குறைந்துவிடாது.

பழகிக்கொள்ளும் என்ற உங்கள் கணவரின் சொல்லில் பாதி சரி. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் பழகத்தான் செய்கிறார்கள், ஆனால் மனம் மரத்துப்போவதால் அன்று. எது விற்பனைக்கு, எது மந்தைக்கு என்று முதலிலேயே தெரிந்திருப்பதால் பழகுகிறார்கள். அமெரிக்காவில் ஃபோர்-ஹெச் என்ற சிறார் அமைப்பில் பண்ணைப் பிள்ளைகள் ஆடு, பன்றி, கன்று வளர்த்து மாவட்டக் கண்காட்சியில் ஏலத்துக்குக் கொண்டுவருவார்கள். ஏல நாளில் அங்கேயும் அழுகைதான். ஆனால் அந்த நாள் வரப்போகிறது என்பது வளர்க்கத் தொடங்கும்போதே அந்தப் பிள்ளைக்குத் தெரியும். உங்கள் மகளுக்குத் தெரியாது. புட்டிப்பால் குடித்து, பெயர் வாங்கி, தனிக் கயிறும் கட்டிக்கொண்ட குட்டி விற்பனைக் கணக்கில்தான் இருக்கிறது என்று அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. ஒருவேளை உங்களில் ஒருவருக்கும் அப்போது அது தோன்றியிருக்காது.

ஆகவே ஆடு வளர்ப்பதை விட வேண்டாம். இனிமேல் குட்டி பிறந்த வாரத்திலேயே பேசிவிடுங்கள். 25, 30 பெட்டைகளுக்கு ஒரு கிடாய் போதும் என்பதால் கிடாய்க் குட்டி விலைக்குத்தான் போகும். பெட்டைக் குட்டி பல ஆண்டுகள் மந்தையில் நின்று ஈனும். அவள் சொந்தமாக ஒன்று வளர்க்க விரும்பினால் அது பெட்டையாக இருக்கட்டும். விற்கும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள். வியாபாரி வருவது பள்ளி நாளாக இருந்தால் காலையிலேயே அவள் பட்டிக்குப் போய் வரட்டும். வேண்டாம் என்றால் போக வேண்டியதில்லை.

அதே நிறத்தில் குட்டி வாங்கிக் கொடுப்பது பற்றி: வேண்டவே வேண்டாம். பறிகொடுத்ததை ஈடுகட்டிவிட்டோம் என்று உங்களுக்கு நிம்மதி வரும், அவளுக்கு வராது. மாமனாரும் குட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போக வேண்டாம். “போய் அப்பாருகிட்டப் பேசு” என்று தள்ளவும் கூடாது. அவர் முன்போலவே மாலையில் திண்ணையில் உட்கார்ந்து நாரை எடுத்தால் போதும். மூன்று புரியில் ஒன்றைப் பிடிக்க அங்கே ஒரு கை வேண்டியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். வருவதற்கு ஒரு வாரம் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம்.

பள்ளியில் இயல்பாக இருக்கிறாள் என்பது நல்ல செய்தி. ஆனாலும் தூக்கம் கெடுதல், சாப்பாடு வெகுவாகக் குறைதல், பள்ளிக்குப் போக மறுத்தல், விளையாட்டில் விருப்பம் அற்றுப்போதல் ஆகியவை தொடர்ந்து சில வாரங்கள் தென்பட்டால் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மனாஸ் (அரசின் மனநல உதவிச் சேவை) எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

அந்த நீல நாடாக் கயிறு இப்போது எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அவளிடமே இருந்தால் கேட்டு வாங்காதீர்கள். சாளையிலேயே கிடந்தால், நீங்கள் பேசி முடித்த பிறகு அவளிடம் கொடுத்துவிடுங்கள். வேறு ஆட்டுக்குக் கட்ட எடுத்துவிட வேண்டாம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.