மேலே காடு, கீழே கடைமடை

கேள்வி: ஹவாய் தீவுகளில், நீர் தரும் மலைக்காடுகளை அரசும் தனியார் நில உடைமையாளர்களும் கூட்டு சேர்ந்து காப்பதாக அங்கே பணிபுரியும் என் மகள் சொல்கிறாள். அது எப்படி நடக்கிறது? பேச்சிப்பாறைக்கு மேலுள்ள நம் காட்டுக்கும் அது பொருந்துமா?
– ஒரு வாசகி, பூதப்பாண்டி

பதில்: 1793-இல் ஆங்கிலேய மாலுமி வான்கூவர் ஹவாய் அரசருக்குப் பரிசாகக் கொண்டுவந்த மாடுகளைக் கொல்லக் கூடாதென்று தடை இருந்ததால், அவை பெருகிக் காடேறி, நூறாண்டுக்குள் மலைச்சரிவுகள் பலவற்றை மொட்டையாக்கிவிட்டன. ஓடைகள் வற்றுவதைக் கண்டு அஞ்சிய கரும்புத் தோட்ட முதலாளிகளும் வற்புறுத்தியதால், 1903-இல் காப்புக்காடுகளுக்கான சட்டம் பிறந்தது. ஆனால், பன்றிக்கும் களைக்கும் பட்டா எல்லை தெரியாது. ஒருவர் தம் நிலத்தைக் காத்து, பக்கத்து நிலக்காரர் காக்காவிட்டால் பயனில்லை என்று உணர்ந்தே, 1991-இல் மாவி தீவின் கிழக்குச் சரிவில் தேசியப் பூங்கா, மாநில அரசு, மாவட்ட நிர்வாகம், மாட்டுப் பண்ணைகள், பாசன நிறுவனம் ஆகியோர், ஏறத்தாழ ஒரு லட்சம் ஏக்கருக்கு முதல் கூட்டமைப்பை உருவாக்கினார்கள். நிலம் யாருடையதோ அவருடையதாகவே இருக்கும். திட்டம் மட்டும் பொது.

அவர்களுடைய முதன்மையான வேலை, பன்றிகள் காட்டுக்குள் புகாதபடி வேலி போடுவது. அங்குள்ள ஓஹியா மரக்காடு மழையைத் தாங்குவதோடு, தவழ்ந்து வரும் மேகத்தையும் இலையிலும் பாசியிலும் பிடித்துத் துளித்துளியாக மண்ணில் இறக்குகிறது. மனிதர் கொண்டுவந்த பன்றிகள் அந்த மண்ணைக் கிளறி, ஸ்ட்ராபெரி கொய்யா என்னும் அயல்மரத்தின் விதைகளையும் பரப்புகின்றன.

நம் மலைக்கு அந்த வேலி பொருந்தாது. இங்கே காட்டுப்பன்றி இம்மண்ணின் உயிர், சிறுத்தைக்கு இரை. வேலியோ யானையின் வழியை மறிக்கும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரே மேசையில் அமரும் ஏற்பாட்டைத்தான். 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் நீர் வரும் மலைகளில் வனத்துறையின் காடு, அரசு ரப்பர் கழகத்தின் தோட்டம், தனியார் தோட்டம், காணி மக்களின் குடியிருப்பு எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. இவர்களோடு நீர்வளத்துறையும் கடைமடை விவசாயிகளும் அமர்ந்து, எந்தச் சரிவில் மண் அரிக்கிறது, எந்த ஓடைக்கரையில் ரப்பருக்குப் பதில் நாட்டு மரம் வேண்டும் என்று முடிவு செய்யலாம். காணி மக்களைக் கூலிக்கு மட்டும் அழைக்காமல், 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தரும் உரிமையோடு பங்காளிகளாகவே சேர்க்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கிழக்கு மாவியில் காடு காக்கப்பட்டாலும், அதன் நீர் பெரும்பாலும் கரும்புக்கே திருப்பப்பட்டு வந்தது; ஓடையை நம்பிச் சேம்பு பயிரிட்டவர்கள் நெடுங்காலம் வழக்காடிய பிறகே, 2018-இல் பல ஓடைகளுக்கு நீரைத் திருப்பிவிட மாநில நீர் ஆணையம் உத்தரவிட்டது. ஆகவே, நீர்ப்பங்கீட்டையும் தொடக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் அணையைத் தூர்வாரக் கேட்கும்போது, அந்த வண்டல் இறங்கிவரும் சரிவுகளையும் சேர்த்து மனுவில் எழுதுங்கள்.