ஊர் தந்த பெயர், பெயர் தந்த ஊர்

கேள்வி: இங்கிலாந்திலும் வாஷிங்டன் என்றோர் ஊர் இருக்கிறதே, அது ஜார்ஜ் வாஷிங்டனின் நினைவாகச் சூட்டப்பட்ட பெயரா?

பதில்: இல்லை, அவருடைய குடும்பத்துக்குப் பெயர் தந்ததே அந்த ஊர்தான். 12-ஆம் நூற்றாண்டில், வடகிழக்கு இங்கிலாந்தில் இருக்கும் அவ்வூரில் குடியேறிய வில்லியம் என்னும் நிலப்பிரபு, ஹெர்ட்பர்ன் என்ற தம் பழைய ஊர்ப்பெயரை விட்டுவிட்டுப் புதிய ஊரின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அவர் வழிவந்த ஜான் வாஷிங்டன் 1656-இல் கடல் கடந்து வர்ஜீனியா சென்றார். அவருடைய கொள்ளுப்பேரன்தான் 1732-இல் பிறந்த ஜார்ஜ். 1791-இல் புதிய தலைநகருக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. ஊர்ப்பெயர் குடும்பப்பெயராகி, மீண்டும் ஊர்ப்பெயரானது.

பெயரோடு குடும்பச் சின்னமும் அங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் எனக்கு இன்னும் வியப்பு. வெள்ளைப் பரப்பில் இரண்டு சிவப்புப் பட்டைகளும், அவற்றின் மேலே மூன்று சிவப்பு நட்சத்திரங்களும் கொண்ட அந்தப் பழைய கேடய வடிவத்தைத்தான், 1938 முதல் அமெரிக்கத் தலைநகரம் தன் கொடியாகப் பறக்கவிடுகிறது.

நம் குன்னூருக்கு அருகிலுள்ள வெலிங்டனின் கதை சற்று வேறு. நெப்போலியனை வென்ற பிரிட்டிஷ் தளபதியான வெலிங்டன் கோமகனின் குடும்பப்பெயர் வெல்லெஸ்லி. இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியிலுள்ள ஓர் ஊரின் பெயரால் அமைந்த அவருடைய பட்டமே நீலகிரிவரை வந்து சேர்ந்திருக்கிறது.