பாலின அடையாளச் சட்டம் பேச்சுரிமையைப் பறிக்கிறதா?

பாலின அடையாளம் என்பது, ஒருவர் தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ திருநராகவோ உள்ளுக்குள் உணர்வது. அதைச் சொல்லும் உரிமை அவருக்கே என்று 2014-ல் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்புறம் 2019-ல் திருநர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் 18-ஆம் பிரிவு, திருநரை வாயால் வதைப்பதையும் மனவதை செய்வதையும் குற்றமாக்குகிறது: 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு.

சரி, பேச்சுரிமை என்ன ஆவது? அரசியல் சாசனத்தின் 19-ஆம் பிரிவு அந்த உரிமையைக் கொடுக்கும்போதே நியாயமான வரம்புகளையும் வைக்கிறது. கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் கமிஷன் அநியாயம் என்று நாள் முழுக்கக் கத்தலாம். கூடை இறக்க வந்தவரைப் பட்டப்பெயர் சொல்லித் தினமும் விரட்டினால் அது கருத்தாகாது. இந்தச் சட்டமே தப்பு என்று எழுதுவது முதல் வகை. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு திருநங்கையை மறித்து அசிங்கமாகப் பேசுவது இரண்டாம் வகை. நடுவில் கோடு எங்கே என்பதில்தான் சண்டை. மனவதை என்றால் எதுவரை என்று சட்டம் விளக்காதது குறைதான் என்பேன்.

ஒரு திருநங்கையை வாய் தவறி ‘அவன்’ என்று சொன்னாலே ஜெயில் என்பதை நம்ப வேண்டாம். 18-ஆம் பிரிவில் அப்படி ஒரு வரியே கிடையாது.