டிரெய்னர் விமானத்தின் சக்கரத்தை மாற்றலாமா?

ரேடியோ கண்ட்ரோல் டிரெய்னர் (ரிமோட்டில் ஓட்டிப் பழகும் மாதிரி விமானம்) வைத்திருப்பவர்கள் லேண்டிங் கியர் (சக்கரமும் அதைத் தாங்கும் காலும்) பற்றிக் கேட்டவை இவை. பதில் சொல்பவன் கொழிஞ்சாம்பாறைக்காரன். அறுத்த வயலில் இறக்கிப் பழகியதில் நிறைய கம்பிகளை வளைத்திருக்கிறேன்.

அண்ணா, 40 சைஸ் (0.40 கன அங்குல எஞ்சினுக்கான) டிரெய்னரில் மூக்குச் சக்கரக் கம்பி மூன்றாவது தடவையாக வளைந்துவிட்டது. அதைப் பிடுங்கிவிட்டு வால் சக்கரம் வைக்கட்டுமா? (வேலந்தாவளம்)

இப்போது வேண்டாம் தம்பி. கம்பி வளைகிறது என்றால் மூக்கு முதலில் தரையில் குத்துகிறது. அது கையின் கோளாறு, சக்கரத்தின் கோளாறு அல்ல. தரைக்கு ஓரடி உயரத்தில் எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பு) மெல்ல இழுத்துப் பிடித்து, பின்சக்கரங்கள் முதலில் தொடும்படி இறக்கிப் பழகுங்கள். கம்பி வளைவதும் நல்லதுதான். அது வளையாவிட்டால் ஃபயர்வாலே (எஞ்சினைத் தாங்கும் முன்பலகை) பெயர்ந்து வரும். வைஸில் வைத்து நிமிர்த்திக்கொள்ளலாம்.

வால் சக்கர விமானத்தில் எடையின் மையம் முக்கியச் சக்கரங்களுக்கு (இறக்கைப் பக்கம் உள்ள இரண்டு பெரிய சக்கரங்கள்) பின்னால் இருக்கிறது. வேகமாக இறங்கிச் சக்கரம் தட்டினால் வால் கீழே போகும், இறக்கை நிமிரும், விமானம் மறுபடி எம்பும். மூக்குச் சக்கர விமானத்தில் மையம் முன்னால் இருப்பதால், பின்சக்கரம் தட்டியதும் மூக்கு தாழ்ந்து அப்படியே அமர்ந்துவிடும். தரையில் ஓடும்போதும் இதே கதைதான். டிராக்டர் டிரெய்லரை முன்னால் இழுத்தால் நேராக வரும். ரிவர்ஸ் எடுத்தால் கொஞ்சம் கோணியதும் மேலும் மேலும் கோணும். வால் சக்கரக்காரர் ஒவ்வொரு முறையும் ரிவர்ஸ் எடுக்கிறார். ரடரில் (இடம் வலம் திருப்பும் வால் மடிப்பு) கை பழகாதவருக்கு அது எதற்கு?

எனக்கு இறக்கமெல்லாம் பழகிவிட்டது. மாற்றுவதென்றே முடிவு செய்துவிட்டேன். என்ன கவனிக்க வேண்டும் ஏட்டா? (சித்தூர், பாலக்காடு)

அப்படியென்றால் தாராளமாகச் செய்யுங்கள். முக்கியச் சக்கரத்தின் அச்சு இறக்கையின் முன்விளிம்புக்கு நேர் கீழே, அல்லது அதற்குச் சற்று முன்னால் வரட்டும். பழைய காலை மாட்டியிருந்த கட்டை ரொம்பப் பின்னால் இருக்கும், அது உதவாது. உடலுக்குள் இரண்டு பக்கச் சுவரையும் தொடும்படி பிளைவுட் பலகையை எபாக்சியில் ஒட்டி, அலுமினியக் காலை நைலான் போல்ட்டில் மாட்டுங்கள். இரும்பு போல்ட் போடாதீர்கள். முட்டும்போது நைலான் அறுந்து உடலைக் காப்பாற்றும்.

பலர் கோட்டை விடுவது எடையில். மூக்கு கியர் போய்விட்டது, வாலில் ஒரு சக்கரம் ஏறிவிட்டது. இரண்டும் சேர்ந்து விமானத்தை வால் கனமாக்கும். வாலில் ஏறும் 10 கிராமுக்கு மூக்கில் இரண்டு மூன்று மடங்கு ஈடு கேட்கும், ஏனென்றால் வால் அவ்வளவு தூரம். முதலில் பேட்டரியை முன்னால் தள்ளிப் பாருங்கள். போதாவிட்டால்தான் ஈயம். இறக்கையின் முன்-பின் அகலத்தில் முன்விளிம்பிலிருந்து 25 முதல் 33 சதவீதத்துக்குள் மையம் நிற்காமல் பறக்கவிட வேண்டாம்.

மகளின் ஃபோம் விமானம் புல்லில் சக்கரம் சிக்கிக் கவிழ்கிறது, சார். கியரை உயர்த்தணுமா? (கோவிந்தாபுரம், ஆசிரியை)

உயர்த்தினால் இன்னும் எளிதாகக் கவிழும், டீச்சர். 3 அங்குலச் சக்கரம் மாட்டிப் பாருங்கள். அதுவும் சிக்கினால் சக்கரத்தையே கழற்றிவிடுங்கள். கையால் வீசி ஏற்றி, வயிற்றில் டேப் ஒட்டிப் புல்லில் இறக்கலாம். தரை தொடும் முன் மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள், இல்லையென்றால் புரொப்பெல்லர் போச்சு.

ஆனி, ஆடிக் காற்றுக்குச் சக்கர இடைவெளியைக் கூட்டினால் சரியாகுமா? (கஞ்சிக்கோடு)

கொஞ்சம் உதவும், இறக்கை நுனி தரையில் உரசுவது குறையும். ஆனால் காற்றாலை நட்ட ஊரில் இருந்துகொண்டு காற்றோடு மல்லுக்கட்டலாமா? பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்த மாதங்களில் பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வரும். மேற்கு முகமாக இறக்க இடம் இருக்கிற வயலாகப் பாருங்கள்.

மூக்குச் சக்கரம் ஒரு பக்கமே இழுக்கிறது. சர்வோ (சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டார்) போய்விட்டதா?

கம்பியைத் திருப்பும் ஸ்டியரிங் ஆர்மின் திருகு கம்பியில் வழுக்கியிருக்கும். திருகு உட்காரும் இடத்தில் அரத்தால் கம்பியைத் தட்டையாக்கி இறுக்குங்கள். சர்வோவுக்குக் காசு செலவழிப்பது அப்புறம்.