வாசகர் கேள்வி: அங்கே அவளுக்கு யார் இருப்பார்கள்?

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ரிக்ரியேஷன் (ஓய்வுநேர விளையாட்டு, பொழுதுபோக்கு), டூரிஸம் துறையில் எம்.எஸ். படிக்க என் மகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ‘விளையாட்டுக்கெல்லாமா ஒரு படிப்பு?’ என்கிறார்கள் உறவுக்காரர்கள். எனக்கோ வேறு கவலை. அங்கே அவளுக்கு யார் இருப்பார்கள்?
- ஒரு தாய், நாமக்கல்

பதில்: சகோதரி, உறவுக்காரர்களுக்கு இதைச் சொல்லுங்கள். நெரிசலான நகரத் தெருக்களில் வளரும் குழந்தைகளுக்கு ஓடியாட இடம் கேட்டு, 1906-இல் அமெரிக்காவில் ஒரு சங்கமே தொடங்கினார்கள். இந்தப் படிப்பின் வேர்களில் அதுவும் ஒன்று. இன்று நகரப் பூங்கா, தேசியப் பூங்கா, மருத்துவமனை, முதியோர் இல்லம் என்று எங்கும் இதைப் படித்தவர்கள் வேலை பார்க்கிறார்கள்.

இனி உங்கள் கவலை. நான் படித்தது இந்தியானா பல்கலைக்கழகத்தில், புளூமிங்டன் ஊரில். அங்கே மற்றவர்கள் கூப்பிடுவதுபோல் பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு செமஸ்டர் முழுக்க எனக்கு நா எழவில்லை. அந்தத் தயக்கத்தை உடைத்தது வகுப்பறை இல்லை, பிராட்ஃபோர்ட் வுட்ஸ். மார்ட்டின்ஸ்வில் பக்கம் 2,000 ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கும் பல்கலைக்கழகக் காடு அது. உடல் ஊனமுள்ள பிள்ளைகளுக்காக 1955-இலிருந்து அங்கே கோடை முகாம் நடக்கிறது. சக்கர நாற்காலியில் வந்த பையனைத் தூக்கிப் படகில் உட்காரவைக்க நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரில் பேராசிரியரும் இருப்பார், நேற்று வந்து சேர்ந்த மாணவியும் இருப்பாள். ராத்திரி பாத்திரம் கழுவும்போதும் அப்படித்தான். அதற்குப் பிறகு அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது தானாக வந்துவிட்டது. நன்றி தெரிவித்தல் (தேங்க்ஸ்கிவிங்) பண்டிகை விடுமுறையில் விடுதியே காலியானபோது என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனதும் அவர்தான். அந்தப் பண்டிகை விருந்தின் வான்கோழியைச் சாப்பிட மாட்டேன் என்று எனக்காகத் தனியாகச் சமைத்திருந்தார்கள்.

ஆனால் இது எல்லோருக்கும் கிடைக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் நேராக அறைக்குப் போய்விட்டவர்கள் பட்டத்தோடு மட்டும்தான் திரும்பினார்கள். துறையின் மாணவர் சங்கத்தில் உங்கள் மகள் முதல் மாதமே சேரட்டும். மாநிலப் பூங்கா சங்க மாநாட்டில் பெயர் பதியும் மேஜையில் உட்கார ஆள் தேடுவார்கள்; கை தூக்கட்டும். இன்னொன்றும் அவளிடம் சொல்லிவிடுங்கள். காய்ச்சலானாலும் மனசு சரியில்லாமல் போனாலும் வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்டால் ஓடி வருவார்கள். கேட்காவிட்டால், தொந்தரவு செய்யக் கூடாது என்று விலகி நிற்பார்கள். அது மரியாதை, நம்மவர்களுக்கு அது பாராமுகமாகத் தோன்றும்.

கேள்வி: இதே துறைக்குப் போகிறேன். படித்துக்கொண்டே வேலை பார்க்கலாமா?
- ஒரு மாணவர், திருச்சி

பதில்: எஃப்-1 என்னும் மாணவர் விசாவில், வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை. பல்கலைக்கழக உடற்பயிற்சிக் கூடத்தில் கேட்டுப் பாருங்கள், நண்பர்களும் கிடைப்பார்கள். தெரபியூடிக் ரிக்ரியேஷன் (நோயாளிகளுக்கும் ஊனமுள்ளவர்களுக்கும் விளையாட்டு, பொழுதுபோக்கு வழியே சிகிச்சை) சான்றிதழ் உங்கள் எண்ணமாக இருந்தால், குறைந்தது 14 வாரம், 560 மணி நேர இன்டர்ன்ஷிப் உண்டு. வளாகத்துக்கு வெளியே என்றால் அதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

கேள்வி: எங்கள் கல்லூரிச் சுற்றுலாத் துறையில் சீனியர், ஜூனியர் பேச்சுவார்த்தையே இல்லை. ஒட்டுதல் வர என்ன செய்யலாம்?
- ஒரு மாணவி, மதுரை

பதில்: மதுரையில் இருந்துகொண்டா இந்தக் கேள்வி! செப்டம்பர் 27 உலக சுற்றுலா தினம். ஹாலில் குத்துவிளக்கு ஏற்றி, பேச்சுப் போட்டி வைத்து முடித்துவிடாதீர்கள். விளக்குத்தூணில் தொடங்கி, பத்துத்தூண் பார்த்து, திருமலை நாயக்கர் மகால் வரை ஒரு நடை. பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். கதை சொல்வது முதலாண்டு மாணவர்கள். தண்ணீர் கேன் தூக்குவதும் சாலை கடக்கக் கயிறு பிடிப்பதும் சீனியர்கள். இதை மட்டும் மாற்றிவிடாதீர்கள். கதையைத் தயார் செய்யவே இரண்டு வாரமாவது சேர்ந்து உட்கார வேண்டியிருக்கும், பேச்சு அங்கேயே தொடங்கிவிடும். உங்கள் துறைத் தலைவரிடம் ஆகஸ்ட்டிலேயே போய்க் கேளுங்கள். பள்ளி அனுமதிக்கு நாள் பிடிக்கும்.